மறுபடியும் வருகிறவர்கள்

ஆனைகட்டி, அகளி

ஆனைகட்டியில் தமிழ்நாடு முடிகிற இடத்தைக் காட்டுவது கொடுங்கரைப்பள்ளம் என்கிற ஓடை. ஜனவரியில் அதில் பாறை இடுக்குகளில் மட்டும் கொஞ்சம் நீர் தேங்கி நின்றது. பாலம் தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது, பேச்சு மாறவில்லை. ஜீப் நிறுத்தத்திலும் டீக்கடையிலும் கொங்குத் தமிழ்தான். இருளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் சற்று நேரம் காது கொடுத்தால் நமக்குப் பிடிபட்டுவிடுகிறது.

கோவையில் சமூகப்பணி படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது என் தொழில். ஆண்டுதோறும் அவர்கள் ஆய்வேட்டுக்காகக் கேள்விப் படிவங்களோடு குடிசைப் பகுதிகளுக்கும் மலையூர்களுக்கும் போகிறார்கள். வீட்டில் எத்தனை பேர், வருமானம் எவ்வளவு, யாருக்கு என்ன நோய், கணவர் குடிப்பாரா. பதில்கள் அட்டவணையாகும். அட்டவணை தடித்த அட்டைக்குள் புகுந்து நூலக அலமாரிக்குப் போகும். பதில் சொன்ன குடும்பம் இருந்த இடத்திலேயே இருக்கும். கேள்வி கேட்கிறவரும் உதவிக்கு வருகிறவரும் ஒரே ஆளாக இருக்கும் இடங்கள் கேரளத்தின் வடபாதியில் பல உண்டு என்று படித்தும் கேட்டும் அறிந்திருந்தேன். அவர்களைக் கண்ணால் பார்க்கத்தான் கிளம்பினேன்.

ஓடைக்கு அந்தப் பக்கம் தொடங்கும் அட்டப்பாடி கோவைக்காரர்களுக்கு அந்நிய நிலம் இல்லை. நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சிறுவாணித் தண்ணீர் பாலக்காடு மாவட்டத்து அணையிலிருந்துதான் வருகிறது. அணை தாண்டிய ஆறு அட்டப்பாடிக்குள் ஓடி பவானியில் கலக்கிறது. பவானி கிழக்கே திரும்பி மறுபடியும் தமிழ்நாட்டுக்கு வந்துவிடுகிறது. மழை மறைவில் கிடக்கும் கிழக்கு அட்டப்பாடியின் ஊர்களிலோ கோடையில் பெண்கள் குடத்தோடு காத்திருக்கிறார்கள். நான் குடித்து வளர்ந்த தண்ணீர் எந்த மண்ணின் பக்கத்திலிருந்து வந்தது என்பதை அந்தச் சிவந்த, கள்ளி முளைத்த சரிவுகளில் நின்று பார்த்தபோது மனசு கனத்தது.

இருளர், முடுகர், குறும்பர் என மூன்று பழங்குடிகளின் மண் இது. 1951இல் இங்கே பத்துப் பேரில் ஒன்பது பேர் பழங்குடியினர். இன்று அவர்கள் பாதிக்கும் குறைவு. கேரளத்துச் சமவெளியிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்தவர்கள் கையில் நிலம் போய்ச் சேர்ந்தது. அதில் முறையாக எழுதி வாங்கியது எவ்வளவு என்ற வழக்குகள் இன்னும் ஓயவில்லை. நிலம் போனதும் சாமை, தினை, கேழ்வரகு, துவரை எல்லாம் தட்டை விட்டுப் போயின. ரேஷன் அரிசி மட்டும் வந்தது. 2013இல் அட்டப்பாடியில் பச்சிளங் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. இரத்தசோகை பிடித்த தாய்மார்கள், எடை குறைந்து பிறந்த பிள்ளைகள். மத்திய அரசின் குழு, மாநில அரசின் குழு, மருத்துவர்களின் குழு என்று ஜீப்புகள் மலையேறின. தாய்மார்களின் கையைப் பிடித்து அளந்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

அகளியிலிருந்து உள்ளே தள்ளி ஓர் ஊரில் தலைவரான மூப்பனின் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தோம். அவருடைய தாயாருக்கு எண்பது வயது இருக்கலாம். வெற்றிலை இடித்துக்கொண்டே சொன்னார்: “வர்றவங்கெல்லாம் என்ன தின்னே, எத்தன வாட்டி தின்னேன்னு எழுதறாங்க சாரே. தின்னது வெளஞ்ச பூமி எங்க போச்சுன்னு ஒருத்தரும் எழுதல.” அட்டப்பாடியைப் பற்றி எழுதப்பட்ட அறிக்கைகள் சிலவற்றை நான் படித்திருக்கிறேன். நிலத்தை மறக்காமல் எழுதியவையும் உண்டு. ஆனால் அவை அந்த வாசலுக்குத் திரும்பி வந்து வாசிக்கப்படவில்லை. பாட்டிக்குத் தெரிய வழியில்லை.

2013க்குப் பிறகு வந்த ஏற்பாடுகளில் ஊர்களுக்குள் இன்றும் நன்றாகப் பேசப்படுவது சமூக அடுக்களை. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சிறு பிள்ளைகள், முதியவர்கள் ஆகியோருக்குச் சமைத்துப் போடுகிற இடம். கேரள அரசின் மகளிர் அமைப்பான குடும்பஸ்ரீ வழியாக ஊர்ப் பெண்களே நடத்துகிறார்கள். நான் போன அடுக்களையில் அன்று சோறும் துவரைக் குழம்பும், ஆட்டுக்கொம்பு அவரைப் பொரியலும். வளைந்த ஆட்டுக் கொம்பு போலவே இருக்கும் அந்த அவரை அட்டப்பாடிக்கே உரியது. அதற்கும் அட்டப்பாடித் துவரைக்கும் 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஜனவரி அவற்றின் பருவம். அந்த அவரையின் லேசான கசப்பும் புதுத் துவரையின் மணமும் நாக்கிலேயே நின்றன.

சமைத்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். சுவரில் ஒரு நோட்டு தொங்கியது. பெயர், மாதம், வந்தது, வராதது. “அந்தக் கடசி வீட்டுப் புள்ள நேத்து வரல. ஏழு மாசம். அதான் சோத்தக் கட்டிக்கிட்டு நானே போனேன். காலு வீங்கியிருக்குது. டீச்சர்கிட்ட சொல்லியாச்சு, இன்னிக்கு ஜீப்பு வருது” என்றார், கரண்டியை வைக்காமலே. டீச்சர் என்றது அங்கன்வாடிப் பணியாளரை. ஜீப் போவது கோட்டத்தறை பழங்குடியினர் மருத்துவமனைக்கு.

அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். என் மாணவர்களின் படிவங்களில் இருக்கும் நேர்த்தி அதில் இல்லை. மஞ்சள் கறை, அடித்துத் திருத்திய பெயர்கள். ஆனால் அதில் ஒரு வெற்றுக் கட்டம் விழுந்தால் அன்றைக்கே ஒருவர் அந்த வீட்டுக்கு நடக்கிறார். ஏட்டில் எழுதியது உடனே ஒரு காரியமாக மாறுவதை நான் முதலில் பார்த்த இடம் அந்தப் புகை படிந்த அடுக்களை.

இந்த ஊர்களின் பெண்கள் வேறொன்றும் செய்திருக்கிறார்கள். அட்டப்பாடி மதுவிலக்கு உள்ள பகுதி. எல்லைக்கு இந்தப் பக்கம் ஆனைகட்டியில் நம் அரசின் மதுக்கடை இருந்தது. வீட்டு ஆண்களின் கூலி ஓடையைத் தாண்டிப் போய்க் கொண்டே இருந்தது. தாய்க்குல சங்கம் என்ற பெயரில் திரண்ட பழங்குடிப் பெண்கள் எல்லை தாண்டி வந்து நம் மண்ணில் அந்தக் கடைக்கு எதிராகப் போராடினார்கள். தங்கள் குடும்பங்களுக்கு எது கேடு என்று அறிய அவர்களுக்கு எந்த ஆய்வேடும் தேவைப்படவில்லை.

முக்காலி, மன்னார்க்காடு

மேற்கே போகப் போக மலை பச்சையாகிறது. முக்காலியிலிருந்து அமைதிப் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்களின் வண்டிகள் வரிசையில் நின்றன. 2018இல் இந்தப் பக்கத்தில்தான் மனநிலை சரியில்லாத ஒரு பழங்குடி இளைஞரை, கடையில் அரிசி திருடினார் என்று சொல்லி ஒரு கூட்டம் கட்டி வைத்து அடித்துக் கொன்றது. அடித்தவர்கள் கைப்பேசியில் படமும் எடுத்துக்கொண்டார்கள். 2023இல் நீதிமன்றம் பதினான்கு பேரைக் குற்றவாளிகள் என்றது. டீக்கடையில் அதைப் பற்றி யாரும் பேச விரும்பவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

மலைப்பாதை இறங்கி மன்னார்க்காடு வந்ததும் காற்றில் ஈரம் ஏறிவிட்டது. ரப்பர், பாக்கு, தென்னை. ஒவ்வொரு வீடும் தன் தோப்புக்குள் தனித்து நிற்கிறது. நம் ஊர்த் தெருவில் ஒரு வீட்டுச் சண்டை நாலு வீட்டுக்குக் கேட்கும்; இங்கே பக்கத்து வீட்டுக்காரர் பட்டினி கிடந்தாலும் வாழையிலைகள் மறைத்துவிடும். அண்டை வீட்டாரை ஒரு கூட்டமாக அமைக்க வேண்டிய தேவை கேரளத்தில் ஏன் வந்தது என்று அந்த மண்ணைப் பார்த்ததும் எனக்கு விளங்கியது.

மலப்புரம்

குடும்பஸ்ரீயை 1998இல் பிரதமர் வாஜ்பாய் தொடங்கி வைத்தது மலப்புரத்தில்தான். அதற்கு முன்பே ஆலப்புழையிலும் இந்த மாவட்டத்திலும் முன்னோட்டம் நடந்திருந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஏழைகளை அடையாளம் காண அவர்கள் கையாண்ட முறை. வருமானம் எவ்வளவு என்று கேட்கவில்லை. கூலிக்காரக் குடும்பத்தில் அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடையாது என்பது களத்தில் நின்ற எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பதிலாக ஒன்பது அடையாளங்கள். வீடு இல்லை அல்லது ஒழுகும் வீடு, கழிப்பறை இல்லை, நல்ல குடிநீர் இல்லை, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் உண்டு, சம்பாதிப்பவர் ஒருவரே அல்லது யாருமில்லை, நாளைக்கு இரண்டு வேளைக்கு மேல் சாப்பாடு இல்லை, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உண்டு, குடிக்கோ போதைக்கோ அடிமையானவர் உண்டு, தாழ்த்தப்பட்ட அல்லது பழங்குடிக் குடும்பம். இதில் நான்கு பொருந்தினால் அந்தக் குடும்பம் ஏழைக் குடும்பம். பொருந்துகிறதா என்று சொல்ல வேண்டியவர்கள் அந்தப் பகுதிப் பெண்களே. வெளியிலிருந்து வருகிறவரிடம் குடியை மறைக்கலாம், பட்டினியை மறைக்கலாம். கிணற்றடியில் பார்க்கிறவளிடம் மறைக்க முடியாது.

பெரிந்தல்மண்ணைக்குப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், குடும்பஸ்ரீயின் அண்டை வீட்டார் குழுவான ஓர் அயல்கூட்டத்தில் உட்கார இடம் கொடுத்தார்கள். ஒரு வீட்டு வராந்தா, பதினைந்து இருபது பெண்கள். தலையில் தட்டமிட்ட இத்தாமார்களும் பொட்டு வைத்த சேச்சிமார்களும் ஒரே பாயில். முதலில் சேமிப்புப் பணம் எண்ணினார்கள், பிறகு கடன் கணக்கு. அதுவரை தர்மபுரியிலோ சேலத்திலோ இருப்பது போலத்தான் இருந்தது. பிறகு தலைவி நோட்டை மூடிவிட்டு, இந்த வாரம் வராத ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி “என்ன ஆச்சு?” என்றார். மகன் பள்ளிக்கூடம் போவதில்லை என்று ஒருத்தி. மாமியாருக்குப் பக்கவாதம், அதனால் தையல் வேலைக்குப் போக முடியவில்லை என்று இன்னொருத்தி. இரண்டு பேர் மறுநாளே போய்ப் பார்ப்பது என்று முடிவானது. அதில் ஒருவர் அந்த வார்டு உறுப்பினர்.

கட்டன் சாயாவும், அரிசிமாவுப் பத்திரியும், தேங்காய்ப்பால் விட்ட கோழிக்கறியும் வந்தன. எனக்குப் பரிமாறிய இத்தா, “உங்க ஊர்லயும் குழு உண்டல்லே?” என்று கேட்டார். உண்டு. மகளிர் சுய உதவிக் குழுவில் தமிழ்நாடு கேரளத்துக்கு முந்தியது. தர்மபுரியில் 1989லேயே தொடங்கியாயிற்று. நம் பெண்கள் அதன் வழியாக வங்கி வாசலை மிதித்தார்கள், மேடையேறிப் பேசினார்கள். அதை நான் சிறிதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இன்று பல குழுக்களில் கூட்டம் என்றால் தவணை என்று ஆகிவிட்டது. தவணை கட்டாத பெண் வீட்டுக்கு ஆள் போகிறது. எதற்குப் போகிறது என்பது அவளுக்கும் தெரியும், கதவை அடைத்துக்கொள்கிறாள். மலப்புரத்திலும் கடன் தொல்லை இல்லாமல் இல்லை. தனியார் நுண்கடன் நிறுவனங்கள் அங்கும் வீடு வீடாக ஏறி இறங்குகின்றன. வேறுபாடு, குழுவும் ஊராட்சியும் ஒரே வராந்தாவில் உட்காருவதில் இருக்கிறது.

2021க்குப் பிறகு கேரளம் இதே வலையைக் கொண்டு மிக வறிய குடும்பங்களைத் தேடியது. மாநிலம் முழுவதும் 64,006 குடும்பங்கள் என்று பட்டியல் வந்தது. உணவு, உடல்நலம், வருமானம், வீடு ஆகிய நான்கில் எது இல்லை என்று பார்த்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனித் திட்டம் எழுதினார்கள். ஒருவருக்கு வேண்டியது தினம் ஒரு பொதிச்சோறு. இன்னொருவருக்கு ஆதார் அட்டை. மூன்றாமவருக்கு டயாலிசிஸுக்குப் போய்வர வண்டி. 2025 நவம்பர் 1 அன்று மாநிலம் கடும் வறுமையிலிருந்து விடுபட்டதாக முதல்வர் அறிவித்தார். அந்தக் கணக்கை ஏற்காத பொருளியல் அறிஞர்கள் கேரளத்திலேயே இருக்கிறார்கள். பழங்குடி ஊர்களைப் பார்த்துவிட்டு வந்த எனக்கும் அந்த அறிவிப்பு அவசரமாகப் பட்டது. ஆனாலும் ஒரு குடும்பத்துக்கு ஒரு திட்டம் என்ற அந்த வேலைமுறையை நான் மனசாரப் பாராட்டுகிறேன். ஏழைகள் எல்லாரும் ஒரே மாதிரி ஏழைகள் இல்லை என்பதை ஓர் அரசு ஏட்டில் ஒப்புக்கொண்டதே பெரிது.

கோழிக்கோடு

கோழிக்கோட்டில் கடற்கரைக் காற்றும் சுலைமானியும் மாலை நேரத்தை எடுத்துக்கொண்டுவிடும். எலுமிச்சை பிழிந்த அந்தக் கறுப்புத் தேநீரோடு கல்லுமக்காய்ச் சிப்பி வறுவலும் உன்னக்காயும் சாப்பிட்டேன். பழுத்த நேந்திரம்பழத்தை மசித்து உள்ளே தேங்காய் வைத்துப் பொரித்த உன்னக்காயை வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போக முடியவில்லையே என்று இருந்தது.

மறுநாள் காலை ஒரு வலிநிவாரண மையத்தின் வேனில் ஏறிக்கொண்டேன். ஒரு சிஸ்டர், ஓட்டுநர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர். அவரை எல்லாரும் மாஷ் என்றே கூப்பிட்டார்கள். இந்த ஏற்பாட்டின் வேர் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் இருக்கிறது. 1993இல் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் நண்பர்களும் அங்கே ஒரு சிறு அமைப்பைத் தொடங்கினார்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு புற்றுநோயாளிக்கு மார்ஃபின் கிடைப்பதே அரிதாகிப் போயிருந்த காலம் அது. வலியால் துடிக்கிறவர் அதைத் தாங்கிக்கொண்டே சாக வேண்டும் என்பதை அவர்கள் ஏற்கவில்லை. பிறகு 2001 வாக்கில், மருத்துவர் மட்டும் போதாது, அண்டை அயலார் இதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மலப்புரம், கோழிக்கோடு பகுதிகளில் தன்னார்வலர்களைப் பயிற்றுவித்தார்கள். 2008இல் கேரள அரசு இதற்கென்று ஒரு கொள்கையே வகுத்தது. இன்று ஊராட்சிகள் தோறும் வீட்டுக்குப் போகும் செவிலியர்கள் இருக்கிறார்கள்.

படுத்த படுக்கையான ஒருவரின் வலியில் மருந்து தீர்க்கக்கூடிய பங்கு குறைவு என்பது இவர்களின் அனுபவம். மீதி பங்கு வீட்டுக்குள் இருக்கிறது. அன்று பார்த்த மூன்றாவது வீடு அப்படி. பாக்கு மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்த ஒருவர். நாற்பது வயது இருக்கும். சிஸ்டர் படுக்கைப் புண்ணைச் சுத்தம் செய்துகொண்டிருக்கும்போது மாஷ் சமையலறைப் பக்கம் போய்விட்டார். மனைவியிடம் அவர் கேட்டவை எந்தப் படிவத்திலும் இல்லாதவை. இரவில் நீ தூங்குகிறாயா? மூத்தவள் கல்லூரிக்குப் பணம் கட்டிவிட்டாளா? உன் அண்ணன் வந்து போனானா, இன்னும் கோபம்தானா? பதில்களை அவர் எழுதிக்கொள்ளவில்லை. வேனில் ஏறிய பிறகு ஒரு சின்ன நோட்டில் இரண்டு வரி குறித்தார். “அடுத்த செவ்வாய்க்கு வரும்போது கேட்க வேண்டியது” என்றார்.

அந்த மனிதரின் கட்டிலைச் சுற்றிலும் குடைக் கம்பிகள், கறுப்புத் துணி. இந்தப் பகுதிகளில் முதுகுத்தண்டு பாதித்தவர்கள் பலர் படுத்தபடியே, உட்கார்ந்தபடியே குடை செய்கிறார்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது மழையும் வந்துவிடும். அதற்கு முன்பு தன்னார்வலர்கள் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் விற்றுத் தருவார்கள். எனக்கு ஒரு குடையை விரித்துக் காட்டினார். “தமிழ்நாட்டில் மழை குறைவு, வெயிலுக்கு ஆகும்” என்று சிரித்தார். இரண்டு வாங்கினேன். விலையில் ஒரு ரூபாய் கூடக் கூட்டித் தரக் கூடாது என்று மாஷ் முன்பே சொல்லியிருந்தார்.

பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். கடை கடையாக வைத்த உண்டியல்கள், பள்ளிப் பிள்ளைகளின் சில்லறை, ஒரு நாள் வசூலை முழுதாகத் தரும் பேருந்து உரிமையாளர்கள். அரேபியாவிலிருந்து வரும் பணமும் உண்டு. ஜனவரி 15 அங்கே வலிநிவாரண நாள். நம் வீடுகளில் பொங்கல் பானை ஏறும் நாளை ஒட்டி அவர்கள் நோயாளிகளை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு வருவார்களாம். “சிலர் பத்து வருஷம் கழிச்சுக் கடலைப் பாக்குறாங்க” என்றார் சிஸ்டர். அவர் வேலூரில் படித்தவர். தமிழ் நன்றாக வந்தது.

வடக்கே ரயிலில்

கோழிக்கோட்டிலிருந்து காசர்கோடு வரை ரயில் ஒரு பக்கம் கடலையும் மறுபக்கம் காயலையும் விட்டுவிட்டுக் காட்டுகிறது. மாஹி, தலச்சேரி, கண்ணூர், பையன்னூர். பாலங்களுக்குக் கீழே படகுகள். எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவர் காஞ்ஞங்காட்டுக்காரர். நான் எண்மகஜே போகிறேன் என்றதும், “ஆய்வுக்கா?” என்றார். அந்தப் பெயரைச் சொல்கிற வெளியூர்க்காரரிடம் அங்கே எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

எண்மகஜே

காசர்கோட்டிலிருந்து பதியடுக்கை வழியாகப் பெர்லாவுக்குப் பேருந்து. வழியெல்லாம் செம்பாறைக் குன்றுகள், சரிவில் பாக்குத் தோட்டங்கள். துளு, கன்னடம், மலையாளம், கொங்கணி, பியாரி, மராத்தி, உருது என்று ஏழு மொழி பேசும் மாவட்டம். பேருந்து நடத்துநர் ஒரே ஓட்டத்தில் மூன்று மொழியில் சில்லறை கேட்டார். பெர்லாவில் நீர்தோசையும் தேங்காய்ச் சட்டினியும் சாப்பிட்டுவிட்டு ஓர் ஆட்டோவில் உள்ளே போனோம்.

இந்தக் குன்றுகளில் கிணற்றைவிட முக்கியம் சுரங்கம். செம்பாறையைக் கிடைமட்டமாகக் குடைந்து உள்ளே போவார்கள். எங்கோ ஓரிடத்தில் ஊற்று கசியும். அது தானாக வழிந்து வீட்டுத் தொட்டிக்கு வரும். மின்சாரம் வேண்டாம், வாளி வேண்டாம். குன்றின் உச்சியில் விழுந்ததெல்லாம் வடிந்து வரும் வழியும் அதுதான். உச்சியில் அரசு தோட்டக் கழகத்தின் முந்திரிக் காடுகள் இருந்தன. மாவட்டத்தில் நான்காயிரத்து அறுநூறு ஹெக்டேர் அளவுக்கு. முந்திரி பூக்கும் காலத்தில் தேயிலைக் கொசுவை அழிக்க ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்ஃபான் பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள். 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை, ஏறக்குறைய கால் நூற்றாண்டு. கீழே வீடுகள், பள்ளிக்கூடங்கள், திறந்த தொட்டிகள்.

இங்கே முதலில் கண்டுசொன்னவர்கள் யாரும் ஆய்வாளர்கள் என்ற பெயரோடு வந்தவர்கள் இல்லை. பத்திரிகையாளரும் விவசாயியுமான ஸ்ரீபத்ரே கன்றுக்குட்டிகள் ஊனமாகப் பிறப்பதைப் பற்றி ஆரம்ப காலத்திலேயே எழுதினார். இதே ஊராட்சியில் வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் ஒய். எஸ். மோகன் குமார், தன்னிடம் வருகிறவர்களில் மூளை வளர்ச்சிக் குறைவும் வலிப்பும் புற்றுநோயும் ஏன் இத்தனை என்று கவலைப்பட்டார். எந்த வீட்டில் என்ன நோய் என்று கவனித்து மருத்துவ உலகுக்கு எழுதினார். வேளாண் துறையில் வேலை பார்த்த லீலாகுமாரி அம்மா 1998இல் நீதிமன்றம் போய்த் தெளிப்புக்குத் தடை வாங்கினார். மூவரும் அந்த மண்ணிலேயே குடியிருந்தவர்கள், அதே வீடுகளை ஆண்டுக்கணக்கில் பார்த்தவர்கள்.

பிறகுதான் குழுக்கள் வந்தன. 2001இல் அகமதாபாத்திலிருந்து தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் வந்து, நீரிலும் மனித இரத்தத்திலும் நஞ்சின் எச்சம் இருப்பதைச் சொன்னது. அடுத்து வந்த ஒரு குழு தொடர்பே இல்லை என்றது. குழுக்கள் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்த ஆண்டுகளில் பிள்ளைகள் கட்டிலிலேயே வளர்ந்தார்கள். 2011இல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்ஃபானுக்குத் தடை விதித்தது. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலிலும் அது அதே ஆண்டு சேர்ந்தது. 2017 ஜனவரியில் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா ஐந்து லட்சம் ரூபாயை மூன்று மாதத்துக்குள் கொடுக்கச் சொல்லி உத்தரவானது. ஐந்து ஆண்டுகள் கழித்து, பெரும்பாலோருக்கு அது போய்ச் சேரவில்லை என்று அதே நீதிமன்றம் கண்டித்தது. 2022 அக்டோபரில் எண்பது வயது தாண்டிய தயாபாய் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன் இரண்டு வாரங்களுக்கும் மேல் உண்ணாவிரதம் இருந்தார். அவர் சமூகப்பணி படித்தவர், மத்தியப் பிரதேசத்துக் கோண்டு மக்களோடு வாழ்ந்துவருபவர். எங்கள் துறையின் பெயரை இவ்வளவு நேர்மையாகச் சுமப்பவர்கள் குறைவு.

பட்ஸ் பள்ளி ஆசிரியை ஒருவர் என்னை ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனார். மனவளர்ச்சி குன்றியவர்களுக்காக உள்ளாட்சிகள் நடத்தும் பள்ளிகள் அவை. அந்த வீட்டில் ஒரு தாய், கட்டிலில் மகன். மகனுக்கு முப்பது வயதைத் தொடப்போகிறது. பார்வைக்குப் பத்து வயதுப் பையன். நான் செருப்பைக் கழற்றி உள்ளே வருவதற்குள் அந்த அம்மா அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துவிட்டார். யாரும் கேட்கவில்லை. முகாம் அட்டை, ஊனச் சான்றிதழ், குடும்ப அட்டை, ஓய்வூதியப் புத்தகம் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் வரிசை பிடித்து வைத்தார். பிறகு துளுவில் ஏதோ கேட்டார். “எந்தக் கல்லூரி என்று கேட்கிறார்” என்றார் ஆசிரியை.

நான் காகிதங்களைத் தொடவில்லை. பையன் சாப்பிட்டானா என்று கேட்டேன். அம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது. கஞ்சியைக் கரைத்துக் கரைத்துத்தான் ஊட்ட வேண்டும், ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்றார். ஆசிரியையைப் பார்த்ததும் அவன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் போட்டான். அது அவருக்கு மட்டும் போடுகிற சத்தமாம். வாரம் தவறாமல் அவர் இந்த வீட்டுக்கு வருகிறார். முன்பு பள்ளிக்கு வண்டியில் வந்துகொண்டிருந்தவன், இப்போது தூக்கி ஏற்ற முடியவில்லை.

கிளம்பும்போது அம்மா என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். எனக்குப் பிறகு இவனுக்கு யார்? வருகிறவர்கள் எல்லாரிடமும் கேட்கிறாராம். ஐந்து லட்சம் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. பாதிக்கப்பட்டோர் பட்டியலில் இருக்கும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் எத்தனை பேரின் தாய்மார்கள் இப்போது அறுபதைத் தாண்டியிருப்பார்கள் என்று நினைத்தபோது என்னால் நிற்க முடியவில்லை. இருபது ஆண்டுகளாக அந்தக் குடும்பங்களிடம் நோயைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். அந்தக் குடும்பங்கள் நம்மிடம் கேட்டதை ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொண்டவர்கள் மிகக் குறைவு. தாய் போன பிறகு வாழ்வதற்கு ஒரு வீடு, அதில் வேலை செய்யத் தெரிந்த ஆட்கள், அதற்கு வருடா வருடம் பணம்: ஆய்வு செய்யவும் செய்து முடிக்கவும் அங்கே இவ்வளவு இருக்கிறது.

பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரம். ஆயாக்கள் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். வராந்தாவில் இரண்டு பெண்கள், பயிற்சிக்காக வந்த சமூகப்பணி மாணவிகள், மங்களூர்ப் பக்கத்துக் கல்லூரி. எத்தனை நாளாக இருக்கிறீர்கள் என்றேன். மூன்றாவது மாதமாம். கையில் படிவம் எதுவும் இல்லை. ஒருத்தி ஒரு பையனின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். அவன் அவளுடைய பின்னலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

தமிழ்நாட்டில் சமூகப்பணி கற்பிக்கும் நண்பர்களுக்கு இதை எழுதுகிறேன். மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் சென்னையில் சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கினார். நம்மிடம் எழுபது ஆண்டு அனுபவம் இருக்கிறது. வீடு தேடிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் 2021லிருந்து மாதாமாதம் அதே வீடுகளுக்கு மாத்திரைப் பையோடு நடக்கிறார்கள். எந்த வீட்டில் கிழவி தனியாக இருக்கிறாள், எந்த வீட்டில் பிள்ளை பள்ளி போகவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். நம் மாணவர்களை ஓராண்டு அவர்களோடு அனுப்புவோம். ஒரு மாணவருக்குப் பத்து வீடுகள் போதும். அந்தப் பத்து வீடுகளுக்கும் மாதம் ஒருமுறை போகட்டும். படிவத்தின் முதல் பக்கத்தில் அடுத்த வருகைத் தேதியை எழுதச் சொல்வோம். ஆய்வேட்டின் முடிவுகளை நூலகத்துக்குக் கொடுக்கும் முன்பு அந்தத் திண்ணைகளில் உட்கார்ந்து தமிழில் படித்துக் காட்டச் சொல்வோம். வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்க முடியும்.